யாரும் போடாத பூஜ்யம்

எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் என்னோடு வேலை பார்க்கும் கவர் அண்ணனை மட்டும் நான் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. ஏசி ரிமோட்டுக்கு உறை, மூக்குக் கண்ணாடிக்கு உறை, பாதி தேய்ந்த பென்சிலுக்குக்கூட உறை போடுகிற மனிதர் அவர். மடியில் கனமில்லாதவர் எதற்காக எல்லாவற்றையும் இப்படி மூடி வைக்க வேண்டும்?

புரோகிராம் எழுதும்போதும் அதே புத்திதான். வார்டில் உள்ள புரோகிராம் ஒவ்வொரு நோயாளியையும் ஓர் ஆப்ஜெக்டாக, அதாவது விவரமெல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலமாக, வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் மேசைக்கு அனுப்பும்போது அதை எக்ஸ்எம்எல்லாக, அதாவது வரிவரியாக எழுதி அனுப்பும். அங்கே இருக்கிற புரோகிராம் அதைப் படித்து மறுபடியும் ஆப்ஜெக்டாக்கிக்கொள்ளும். காய்ச்சல், நாடி, வலி எல்லாமே எண்கள். எண்ணை எண்ணாகவே வைத்தால் யார் தலை போகிறது? அண்ணனோ ஒவ்வோர் எண்ணையும் ஓர் உறை ஆப்ஜெக்டுக்குள் போட்டுத்தான் வைப்பார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்மா, ஒரு நாள் உதவும்" என்பார். யாருக்கு உதவும் என்று மட்டும் சொல்லமாட்டார்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அப்பா இரண்டு மாடி கீழேதான் படுத்திருந்தார். இன்று வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பையெல்லாம் கட்டியாயிற்று. டிஸ்சார்ஜ் மேசையில் போய் நின்றால் திரை வேறு கதை சொன்னது: 'வலி: பதிவாகவில்லை. அனுப்ப இயலாது.'

எனக்குப் பொறி தட்டியது. கட்டில் காலியாகாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம். அதற்குத் தோதாக நல்ல எண்ணை உறைக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு 'பதிவாகவில்லை' என்று சொல்ல வைத்திருக்கிறார் மனிதர். பார்க்கப் பரம சாது மாதிரி இருந்துகொண்டு!

மேலே ஓடினேன். சோதனைக்கென்று வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அப்பாவின் பதிவை ஏற்றி, வலிக்குப் போட்டிருந்த உறையைக் கழற்றிவிட்டு, வெறும் எண்ணாக மாற்றி ஓடவிட்டேன். திரை பளிச்சென்று சொன்னது: 'வலி: 0. அனுப்பலாம்.'

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவரை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

"பாருங்கண்ணே. எங்கப்பாவுக்கு வலியே இல்ல. உங்க உறையை எடுத்ததும் உண்மை வெளிய வந்துருச்சு. யாரு சொல்லி இதை மறைக்கிறீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. வார்டிலிருந்து வந்த எக்ஸ்எம்எல்லைத் திறந்து வைத்தார்.

"இதுல வலின்னு ஒரு வரி இருக்கா, தேடு."

மேலும் கீழும் தேடினேன். காலையில் எடுத்த காய்ச்சலுக்கு வரி இருந்தது, நாடிக்கும் இருந்தது. வலி என்ற வரியே இல்லை.

"வரியே வரல. அப்போ அந்த பூஜ்யத்தை யாரு போட்டது?"

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து தேடினேன்.

"யாரும் போடல. வெறும் எண்ணுக்குக் காலியா இருக்கத் தெரியாதும்மா. ஒண்ணும் வரலன்னா தானா பூஜ்யம்னு உக்காந்துக்கும். உறை காலியா இருக்கலாம். காலியா இருந்தா, இன்னும் யாரும் எதுவும் சொல்லலைன்னு தெரியும்."

சரி, இவர் இல்லையென்றால் நர்ஸ்தான் வேலையைத் தட்டிக் கழித்திருக்கிறார் என்று சண்டைக்குத் தயாராகவே கீழே இறங்கினேன்.

"எப்போ போனாலும் உங்கப்பா தூங்கறாரும்மா" என்றார் நர்ஸ். "வலி எவ்வளவுன்னு அவரே வாயால சொன்னாத்தான் நாங்க பதியலாம். நாங்களா எதையும் போடக் கூடாது."

தூக்கமா? ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்தும் பகலில் கண்ணை மூடாதவர் என் அப்பா. கட்டிலருகே போய் நின்றேன். கண் மூடியிருந்தது. இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு அடியில் ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அப்பா, நடிக்காதீங்க."

ஒரு கண் திறந்தது. "நர்ஸ் போயாச்சா?"

"எவ்வளவு வலிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வண்டி வந்துருச்சா?"

"ஒண்ணுமில்லன்னா கேக்கும்போது சொல்றதுக்கென்ன? எதுக்குத் தூங்கற மாதிரி படுத்துக்கறீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"பொய் சொல்ல வாய் வரலம்மா. உண்மையைச் சொன்னா மறுபடியும் வயித்தைக் கிழிச்சிருவாங்க. இன்னொரு தடவை என்னால முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்ப்யூட்டரெல்லாம் உன் கையிலதானே இருக்கு? நீயே ஒரு பூஜ்யத்தைப் போட்டு விட்டுடேன்."

அதைத்தான் மேலே செய்து பார்த்து, சந்தோஷமும் பட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவர் கையைக் கம்பியிலிருந்து விடுவித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். நெருப்பாய்ச் சுட்டது.

"பத்துக்கு எவ்வளவுப்பா?"

குழந்தை மாதிரி அவர் முகம் கோணியது.

"ஒம்போது."

மறு கையால் நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தினேன். விரலை எடுக்கவே இல்லை.