சட்டியும் கரண்டியும்

சடசடவென்று கத்திக்கொண்டிருக்கிறது வெண்ணெய், மஞ்சள் நுரையாய் எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பி, கரண்டியைப் பிடித்தபடி நான் அடுப்படியில் நிற்கிறேன், கத்துற வரைக்கும் அது வெண்ணெ, சத்தம் நின்னாத்தான் நெய், கண்ணால பாக்காத, காதால கேளு என்று அம்மா சொல்வாள், காதைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன், மூக்குதான் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது, வயிறு இருந்த இடத்தில் இப்போது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான் இருக்கிறது, மீதியை வெட்டி எடுத்துவிட்டார்கள், இந்த வாசனைக்கு ஊறுகிற எச்சிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளறையில் தம்பி துரைப்பாண்டி படுத்திருக்கிறான், டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கெல்லாம் இங்கே வந்து கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறுவான், இந்த நெய் அவனுக்கு, அவனுக்கு உப்பு ஆகாது, ஊறுகாய் ஆகாது, இளநீர் ஆகாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும், நெய் கொஞ்சம் ஆகும், கீரை ஆகாது என்பதால் இன்றைக்கு முருங்கை இலைகூடப் போடவில்லை, அதனால் வாசனை கொஞ்சம் மட்டம்தான், அதற்கே எனக்கு இப்படி இருக்கிறது.

இதே சத்தம்தான் கோவில்பட்டியில் எங்கள் பழைய வீட்டிலும், நெய்யை வடித்துவிட்டு அம்மா சட்டியை இறக்கி வைப்பாள், அடியில் செம்பழுப்பாய்க் கசண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் சுடுசோற்றைப் போட்டு இரண்டு கல் உப்பும் சேர்த்துப் பிசைந்தால் விரல் இடுக்கெல்லாம் வழியும், சட்டி எனக்கு, கரண்டி தம்பிக்கு, யார் வைத்த சட்டமோ, ஏம்மா எனக்கு எப்பவும் கரண்டிதானா என்று அவன் தரையில் உருளுவான், அவ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவடா, திங்கட்டும் என்பாள் அம்மா, நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறேன், அவன் கரண்டியோடு பின்னாலேயே வருகிறான், ஓடி ஓடி நான் இன்னொரு வீட்டுக்கே வந்துவிட்டேன், சட்டியும் கூடவே வந்துவிட்டது, பிள்ளை பெற்று, முட்டி தேய்ந்து, இரண்டு ஆள் உடம்பாகி, மதுரையில் அந்தப் பெரிய டாக்டர் முன்னால் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறேன், அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சொல்கிறார், தம்பிக்கு உங்க கிட்னி எல்லா விதத்துலயும் பொருந்துதும்மா, உங்க எடைதான் ஒத்துவரல, நீங்க மொதல்ல எறங்குங்க, அப்புறம் பேசுவோம்.

அதற்காகத்தான் வயிற்றை வெட்டிக்கொண்டேன், என்ன மைனி, சினிமாவுல சேரப் போறீகளோ என்று எதிர்வீட்டு சரோஜினி கேட்டாள், அவளுக்கு என்ன தெரியும். முதலில் எல்லாம் மளமளவென்று இறங்கியது, ஜாக்கெட் தொளதொளத்தது, மோதிரம் சோப்பு நுரையோடு கழன்று விழுந்தது, தம்பி கையைத் தட்டிச் சிரித்தான், யக்கா நீ பாதியாயிட்ட, என் கிட்னி பத்திரம்ல. பிறகு சனியன் பிடித்தது, கோழித்துண்டு ஒன்று நெஞ்சில் கல் மாதிரி நின்றது, சோறு இரண்டு கவளத்தில் திரும்பி வந்தது, ஆசைக்கு எண்ணெய்ப் பரோட்டா ஒரு விள்ளல் தின்றுவிட்டு, நெஞ்சு படபடத்து, வேர்த்து, குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன், ஆகாதுன்னா கேக்கியா நீ என்று கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் எரிச்சல், தோசை வார்க்கிற சத்தம் கேட்டால் அழுகை, அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன், தோசைதான் இறங்காது, தொட்டுக்கொள்கிற சாமான் இறங்கும், பொடியில் நல்லெண்ணெயைக் குழைத்து ஒரு கரண்டி வாயில் விட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது, தேங்காய்ச் சட்னி போகிறது, எலுமிச்சை ஊறுகாயில் மேலே நிற்கிற எண்ணெய் போகிறது, மகன் வாங்கி வருகிற கோழியோடு வரும் மயோனைஸ் போகிறது, டப்பாவை விரலால் வழித்து வழித்து, கொஞ்சம் கொஞ்சமாய், நாள் முழுக்க, ஒரு வலியும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க என்று ஆஸ்பத்திரியில் டயட் சொல்கிற பெண் கேட்டாள், முட்டை வெள்ளை ரெண்டு, கால் தோசை. தொட்டுக்க? நான் அவளை முறைத்தேன், தொட்டுக்கிட்டதெல்லாம் ஒரு சாப்பாடாம்மா? சத்தியமாக அப்படித்தான் நம்பியிருந்தேன், எங்கள் வீட்டில் யாரும் சட்னி சாப்பிட்டேன் என்று சொன்னதே கிடையாது, தோசை சாப்பிட்டேன் என்றுதான் சொல்வோம். அவள் பேனாவை மூடிவிட்டு மெல்லச் சொன்னாள், அதான்மா ஏறுது. இறங்கிக்கொண்டிருந்த எடை நின்றது, நின்றது ஏறியது, பெரிய டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டார், வருகிற வாரம் மறுபடி நிறுத்துப் பார்ப்பார்கள், வெண்ணெய் கத்துகிறது, அதைக் கேட்டுக்கொண்டே என் கை அரிசி டின்னுக்குப் பின்னால் போகிறது, பொடி டப்பா, எண்ணெய் பாட்டில், ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி.

யக்கா, வாயத் தொடச்சுக்கோ.

கதவில் சாய்ந்துகொண்டு துரை நிற்கிறான், முகம் வீங்கி, உதடு காய்ந்து, எவ்வளவு நேரமாய் நிற்கிறானோ, பொடி என் தாடையில் வழிகிறது, எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது, தூங்காம இங்க என்னல வேவு பாக்க என்றேன். வேவு என்ன வேவு, அரிசி டின்னுக்குப் பின்னால வைக்கது எனக்கு ஆடி மாசத்துலயே தெரியும், ஐஸ்கட்டி எடுக்க வந்தப்ப பாத்தேன் என்கிறான். ஆடியிலயே தெரியுமா, பெறகு ஏன்ல சொல்லல, திட்டித் தொலைக்க வேண்டியதுதான? திட்டுனா எடை கொறஞ்சிருமாக்கா, என்று சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தான், பசின்னா என்னன்னு எனக்குத் தெரியும், தாகம்னா என்னன்னும் தெரியும், நீ தராட்டியும் பரவால்லக்கா, நான் இப்படியே ஓட்டிருவேன். அந்தப் பரவால்லதான் என்னைக் கொளுத்தியது, என்னல பரவால்ல, வயித்த அறுத்துப் போட்டுட்டு வந்து நிக்கேன், பரவால்லையாம், சண்ட போடுல, என் முடியப் பிடிச்சு இழுல, சின்னதுல இழுத்தேல்ல, என்று நான் கத்துகிறேன், கரண்டியை ஆட்டி ஆட்டிக் கத்துகிறேன், அவன் தலையைச் சாய்த்து வேறு எதையோ கேட்கிறான்.

யக்கா, சத்தம் நின்னுட்டு.

துணியைக்கூடத் தேடாமல் முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கினேன், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருகியிருக்கும், நெய்யைத் தூக்குச்சட்டியில் வடித்தேன், அடியில் கசண்டு, கொஞ்சம் அதிகமாகவே சிவந்து, ஒரு கை சோற்றை எடுத்து அதில் போட்டேன், அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன், சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டேன், கரண்டியை அவனிடம் நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. துரை கரண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான், அடிப்பாவி, இப்பவும் கரண்டிதானா எனக்கு.

சட்டியை அவன் பக்கம் தள்ளினேன், சிமென்ட் தரையில் அது கரகரவென்று போயிற்று. பிசைந்து ஒரு உருண்டை வாயில் போட்டான், மென்றான், உப்பில்லாம மண்ணு மாதிரி இருக்கு, இதுக்கா இந்த அடிதடி என்றான், சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை உருட்டினான். நான் கையில் மிஞ்சிய கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், இரும்பு ருசி, ஓரத்தில் நெய் பிசுக்கு, அவ்வளவுதான், இதை நக்கிக்கொண்டா அத்தனை வருஷம் என் பின்னாலேயே ஓடி வந்தான் இவன். எழுந்து பொடி டப்பாவையும் எண்ணெய் பாட்டிலையும் எடுத்து அவன் பையில் திணித்தேன், ஊருக்குக் கொண்டு போ, இங்க வேண்டாம். எனக்கும் ஆகாது உனக்கும் ஆகாது, பஸ் கண்டக்டருக்குத்தான் குடுக்கணும், என்று வாய் நிறையச் சோற்றோடு சொல்கிறான், மயோனைஸ எங்க ஒளிச்சிருக்க, அதையும் எடு. நாயே என்று சொல்லிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தேன், காய்கறித் தட்டுக்கு அடியிலிருந்து அதையும் எடுத்தேன், எடுக்கும்போது வாயில் ஊறிற்று, நாளைக்கும் ஊறும், அதற்கு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வலது கையால் சட்டியை வழித்துக்கொண்டிருக்கிறான், இடது கை மடியில் கிடக்கிறது, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக நரம்பை இணைத்த கை, கயிறு மாதிரிப் புடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் விரலை வைத்தேன், உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடுகிறது, சட்டி அடங்கிவிட்டது, அடுப்பு அடங்கிவிட்டது, இது மட்டும் என் விரலுக்கு அடியில் சடசடவென்று கத்திக்கொண்டே இருக்கிறது.