இலைக்குப் போட்ட சீரம்

கடையில் ஆள் இல்லாத மதியத்தில் சும்மா இருக்கத் தெரியாததுதான் சீப்பின் வியாதி. காதில் எப்போதும் ஒரு சீப்பைச் செருகியிருப்பதால் முடிதிருத்துகிற அந்த மனிதரைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். அன்றும் கண்ணாடியைத் துடைத்தார், நாற்காலியைத் துடைத்தார், பிறகு மூலையில் தொட்டியில் நின்ற ஃபைகஸ் மரத்தின் பக்கம் திரும்பினார். இலையெல்லாம் தூசி. தலைமுடிக்குப் பளபளப்பு தரும் சீரத்தை உள்ளங்கையில் ஊற்றி, ஒவ்வோர் இலைக்கும் மேலும் கீழுமாகத் தேய்த்துவிட்டார். மரம் புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. கைக்கண்ணாடியைப் பிடித்து அதற்குப் பின்னந்தலையைக் காட்டாததுதான் பாக்கி.

சில நாளிலேயே இலைகள் மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கின.

சொந்த மரமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். அது அக்காவின் மரம். அக்கா அவரோடு முகம்கொடுத்துப் பேசியே வெகுகாலமாகிறது. அக்கா மகள் ஆசையாகக் கேட்டாளே என்று, இடுப்பைத் தொட்ட அவள் கூந்தலைக் காதளவுக்கு வெட்டிவிட்டார் சீப்பு. மறுநாள் குடும்பப் படம் எடுக்கப்போகிறார்கள் என்பதை அந்தக் கழுதை சொல்லவில்லை. படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அக்காவைத் தவிர.

அப்படிப்பட்ட அக்கா ஒருநாள் திடீரென்று இந்த மரத்தோடு கடை வாசலில் வந்து இறங்கினாள். "வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க. இது இங்க இருக்கட்டும்" என்றாள். பிறகு வாராவாரம் வந்தாள். மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள், வேண்டுமானால் தண்ணீர் ஊற்றுவாள், கிளம்பிவிடுவாள். இப்போது மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் நேரே இங்கேதான் வருவாள். மரம் மொட்டையாக நின்றால், அவள் வருவதும் நின்றுவிடும். இந்தமுறை நின்றால் நின்றதுதான்.

ஓர் இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"தண்ணி அதிகமாயிருக்கும்," என்றார் நர்சரிக்காரர். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லன்னா கம்மியாயிருக்கும்."

"ரெண்டுல எதுங்க?"

"அது மரத்தப் பொறுத்தது."

பக்கத்து மருந்துக்கடைக்காரர் முகம் நிறைய சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்: "சத்துக் குறைவு. மனுஷனா இருந்தா டானிக் எழுதிக் குடுத்துருவேன்."

"மரமா இருந்தா?"

"டானிக்தான். அளவுதான் தெரியல."

வீட்டில் மனைவி, "வெளிச்சம் பத்தல. உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னா எந்த மரமும் வாடத்தான் செய்யும்," என்றாள்.

சீப்பு ஒருவர் பேச்சையும் தட்டவில்லை. ஒருநாள் தண்ணீரைக் கொட்டினார், மறுநாள் மண்ணைக் காயவிட்டார். உரம் போட்டார். தொட்டியைச் சன்னலுக்கு இழுத்தார், வாசலுக்கு இழுத்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டதும் அங்கேயே விட்டார். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று அவருக்கே குழம்பிப்போயிற்று. தரையில் முடியோடு இலையும் விழ, இரண்டையும் சேர்த்தே பெருக்கினார். "என்ன அண்ணே, மரத்துக்கும் கட்டிங்கா?" என்று வருகிறவனெல்லாம் கேட்டான்.

சீரம் போட்டதை மட்டும் அவர் யாரிடமும் வாய்திறக்கவில்லை. வீட்டில் தானே கத்தரியை எடுத்துத் தலையைக் குதறிக்கொண்டு வந்து, "தானா இப்படி ஆயிடுச்சுண்ணே," என்று சத்தியம் செய்பவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும், உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். இப்போது அவர் முறை. சிரிப்புத்தான் வரவில்லை.

அக்கா வந்தபோது மருந்துக்கடைக்காரருக்குப் பாதி முகம்தான் மழித்திருந்தது. அவர் மீதி நுரையோடு அசையாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அக்கா பையைக்கூட இறக்கவில்லை. ஓர் இலையை விரலால் தேய்த்தாள். முகர்ந்தாள். தூசியும் வெட்டிய முடித்துணுக்கும் அதில் அப்பிக் கிடந்தன.

"டேய், இலைக்கு மீசை மொளைச்சிருக்கு. என்னடா தடவுன?"

"தலைக்குப் போடுறது..."

"இலைக்குப் போட்டியா?"

"ரெண்டு பக்கமும் போட்டேன்க்கா. ஒரு பக்கம் மட்டும் போட்டா நல்லாருக்காதுன்னு..."

"அட மண்டு! இலை மூச்சு விடுறதே அடிப்பக்கத்துலதான். அதையும் அடைச்சிட்டு, மேல உரத்த வேற கொட்டி வச்சிருக்க."

கொண்டை ஊசியை உருவி, அடிமரத்தின் பட்டையை லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை தெரிந்தது, பாலும் கசிந்தது. "உயிர் இருக்கு. வெதுவெதுன்னு தண்ணி கொண்டா. சோப்பு ஒரு சொட்டு, மெல்லிசு துணி ரெண்டு. இனிமே தொட்டியை நகத்தாத, உரம் போடாத."

மருந்துக்கடைக்காரர் மெல்லக் கேட்டார்: "அப்ப டானிக் வேண்டாங்களா?"

"மொதல்ல உங்க மீதி தாடியப் பாருங்க."

அவரை அவசரமாக முடித்து அனுப்பிவிட்டுச் சீப்பும் உட்கார்ந்தார். ஆளுக்கொரு துணி. அக்கா இலையின் அடியில் உள்ளங்கையைத் தாங்கி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தாள். அவளுக்குக் கோபமா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. திட்டினாள், ஆனால் எழுந்து போகவில்லை. மகள் இப்போதும் முடியை வளர்க்கவில்லை, அதுதான் வசதியாம் என்று அவளாகவே சொன்னாள். அது குற்றச்சாட்டா, சமாதானமா? சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

சீப்பால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உன் பக்கத்து வீட்டுல தோட்டமே வச்சிருக்காங்க. அவங்ககிட்ட விடாம ஏன் என்கிட்ட கொண்டாந்து விட்ட? எனக்குச் செடியப் பத்தி ஒரு எழவும் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

அக்கா துணியைப் பிழிந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும். உன்கிட்ட இருந்தா அதப் பாக்க வர்ற சாக்குல உன்னையும் பாக்கலாம். சும்மா வந்து பேச எனக்கு வெக்கமா இருந்துச்சுடா."