ஐந்தாவது உடுப்பு

நான்கு மாதமாக ஆணியில் தொங்கிய டையை எடுத்து உதறினான் ஜெபக்குமார்.

"ஊரே மூடிக் கிடக்குது. டை எதுக்கு?" என்றாள் மனைவி ஜெனிஃபர்.

"மேனேஜரே போன் பண்ணிக்கீறாரு. ரிசார்ட்டு தொறக்குறாங்க."

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் ஆறு வருஷம் நின்றவன் அவன். ஊரடங்கு வந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவன் ஏறாத படி இல்லை. செங்கல்பட்டு மருந்துக் கிடங்கில் மூட்டை தூக்கத்தான் ஆள் கேட்டார்கள். அவன் தோளைப் பார்த்துவிட்டு அதற்கும் வேண்டாம் என்றார்கள். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் காவலாளிகளையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். காலிக் கட்டடத்தில் எதைக் காப்பது? சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு, அங்கே கேப் ஓட்டியவர்கள் முந்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரனிடம் சிரித்து ஆங்கிலம் பேசத் தெரிந்தவனை ஒருவரும் தேடவில்லை.

முந்தின நாள்தான் மேலாளர் பாலசுப்ரமணியன் கூப்பிட்டார். விமானத்தில் வருகிறவர்களைப் பதினான்கு நாள் தனியாகத் தங்கவைக்க ரிசார்ட்டை எடுத்திருக்கிறார்களாம். "உங்க காலனியில நாலு பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்துரு, ஜெபா" என்றார். ஜெபா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாலு என்ன சார், எங்க தெருவுல எத்தனை பேரு வேணாலும் இருக்காங்க" என்றான் இவன், குஷியில்.

அன்று சாயங்காலமே நாலு பேரைப் பொறுக்கினான். நகம் வெட்டச் சொன்னான், முகம் மழிக்கச் சொன்னான்.

"பொண்ணு பாக்கவா இட்டுகினு போற?" என்றான் துரை. சிறுசேரியில் கேப் ஓட்டி, வண்டியைத் திருப்பிக் கொடுத்தவன்.

"உள்ள இன்னா பேஜாருன்னாலும் நேரா டெஸ்க்காண்ட வாங்க. நான் அங்கதான் இருப்பேன்."

"ஆவட்டுங்க சார்" என்று துரை குனிந்து கும்பிட்டான். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, ரிசார்ட்டின் முன்வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "எல்லாரும் பின்பக்கமா."

"அவங்க பின்பக்கம். நான் ஸ்டாஃபு."

"எல்லாரும்னாரு அண்ணே."

பின்பக்கம், துணி வெளுக்கும் அறையில், மேசைமேல், நோய் ஒட்டாமலிருக்கப் போடும் நீல உடுப்புகள் தலைமூடியோடு வரிசையாகக் கிடந்தன. துரை விரல் நீட்டி எண்ணினான். ஐந்து.

கதவிடுக்கு வழியே வரவேற்பு மேசை தெரிந்தது. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஹரிஹரன் உட்கார்ந்திருந்தான். போன வருஷம்தான் சேர்ந்தவன். வேலை கற்றுக்கொடுத்தவன் ஜெபக்குமார்.

மேலாளர் வந்து, தூரத்திலேயே நின்றார்.

"சார், நான் டெஸ்க்குன்னு நினைச்சேன்."

"டெஸ்க்குக்கு ஒரு ஆள் போதும்பா. ரூமுக்குத்தான் ஆள் கிடைக்கல. ஊர்ப் பசங்களைக் கேட்டேன். வீட்டுல பயப்படுறாங்களாம், விடமாட்டேங்கறாங்களாம்."

"எங்க வீட்டுலயும் பயப்படுவாங்க சார்."

முகக்கவசத்துக்கு மேலே மேலாளரின் கண்கள் சிரித்தன. "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தாங்கும்பா." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இஷ்டம் இல்லைன்னா சொல்லிடு. உங்க தெருவுல எத்தனை பேரு வேணாலும் இருக்காங்கன்னு நீதானே சொன்னே."

அவர் போய்விட்டார். நாலு பேரும் ஜெபக்குமாரைப் பார்த்தார்கள். டெஸ்க் எங்கே என்று துரை கேட்பான் என்று காத்திருந்தான். கேட்டிருந்தால் தேவலை. துரை ஐந்தாவது உடுப்பை எடுத்து அவனிடம் நீட்டினான்.

"டைய அவுத்துடு மச்சான். உள்ள வேவும்."

அவன் அவிழ்க்கவில்லை. டையோடு சேர்த்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தான்.

முதல் அறை வாசலில் காலைச் சாப்பாட்டுத் தட்டோடு நின்று மணி அடித்தான். கதவு திறந்ததும் வாய் தானாகச் சொன்னது. "குட் மார்னிங் சார். வெல்கம்."

"கீழ வெச்சுட்டுத் தள்ளிப் போ" என்றார் உள்ளே இருந்தவர்.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்தான்.

"இன்னும்" என்றார் அவர்.