மூன்று வரியில் நிபியா

"எங்க அக்கா அனுப்புற குரல் செய்தி ஒவ்வொண்ணும் ஒரு நாடகம். இடைவேளைதான் கிடையாது," என்றான் எல்பியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுப் பெண் சிரிப்பதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் உற்சாகம் பிறந்துவிட்டது. தலைநகர் மொந்தெவிதேயோவில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார் அவன். சனிக்கிழமை காலை தார்தோ நடத்தும் வானொலி நிகழ்ச்சியில் பத்து நிமிடம் அவனுடையது. கையில் கிடைத்ததைப் பற்றியெல்லாம் பேசுவான். ஈ ஏன் கைக்குச் சிக்குவதில்லை, லிஃப்டில் போகிறவர்கள் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, சுவர்க்கடிகாரம் நின்றுபோன வீட்டில் யாரும் ஏன் அதைக் கழற்றுவதில்லை என்று. கேட்பவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதைவிட அவனுக்கே அவனைப் பிடித்திருந்தது.

அன்று எடுத்துக்கொண்ட விஷயம், நீண்ட குரல் செய்திகளைச் சுருக்கித் தரும் புதிய வசதி. பேசுகிறவர்களுக்கு நேரம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குத்தான் இல்லை, அந்தப் பள்ளத்தை இயந்திரம் நிரப்புகிறது என்று அழகாக ஆரம்பித்தான்.

"போன வாரம் அக்கா மேலோ ஊர்லருந்து பதினோரு நிமிஷம் பேசி அனுப்பினா. போன் அத மூணு வரில குடுத்துச்சு. படிக்கட்டுமா?"

"படிங்க வாத்தியாரே, அதுக்குத்தானே ஒக்காந்திருக்கோம்," என்றான் தார்தோ.

"'கோழிகள் முட்டையிடுவதில்லை. பக்கத்து வீட்டில் புதிய சலவை இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறார்.' முடிஞ்சுது!"

தார்தோ மேசையைத் தட்டிச் சிரித்தான். "அம்மாவும் மேலோலதான் இருக்காங்களா?"

"கல்லறைல இருக்காங்க, பல வருஷமாச்சு. அக்கா அப்பப்ப பூ கொண்டு போவா. 'அம்மாவுக்கு என் முத்தத்தக் குடு'ன்னு பதில் போட்டேன். பக்கத்துல ஒரு ரோஜா படம். வேலை முடிஞ்சுது, அக்காவுக்கும் சந்தோஷம்."

நேயர்கள் அனுப்பும் குரல்களை முன்கூட்டிக் கேட்டு வடிகட்டுவது தார்தோவின் நிகழ்ச்சியில் கிடையாது. வந்ததை வந்தபடி ஒலிக்க விடுவான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. முதலில் ஓர் ஆள், தன் மாமியாரையும் இப்படிச் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது. வயதான பெண் குரல், அவசரமில்லாமல்.

"வணக்கம். நான் மேலோலருந்து சுல்மா பேசுறேன். வாத்தியார் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமை நானும் கல்லறைலதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரருக்கும் அன்னிக்குத்தான் எலும்பு எடுத்தாங்க. உங்க அக்கா பூ வைக்க வரல தம்பி. உங்க அம்மா பெட்டியத் தொறக்குறப்ப நிக்க வந்திருந்தாங்க. தனியா. தம்பி ரேடியோல பேசுவான்னு எங்கிட்ட பெருமையா சொன்னாங்க. கைய நான்தான் பிடிச்சிருந்தேன். அவ்வளவுதான். நிகழ்ச்சி நல்லா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தார்தோ ஒலிப்பதிவுப் பெண்ணுக்குக் கையைக் காட்ட, ஏதோ ஒரு பாட்டு ஓடத் தொடங்கியது. அவள் இப்போது சிரிக்கவில்லை. ஒயர்களைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். எல்பியோவின் காது மடல்கள் எரிந்தன. எழுந்து போகவும் கூசியது, உட்கார்ந்திருக்கவும் கூசியது.

எலும்பு எடுப்பது என்றால் என்னவென்று இந்த நாட்டில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லறைச் சுவரில் கிடைக்கும் இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. சில வருடங்கள் போனதும் பெட்டியை வெளியே இழுத்துத் திறந்து, மிஞ்சியதைச் சிறிய பேழைக்கு மாற்றி, பெரிய இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அப்பாவுக்கு எடுத்தபோது எல்பியோதான் நின்றான். அக்கா நிபியாவை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து, "நீ பாக்க வேணாம்கா, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் அவன். அன்று அக்கா அவனை ஒரு பெரிய மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்கு வெகுநாள் இனித்தது.

வானொலி நிலையத்திலிருந்து நேராகப் பேருந்து நிலையம் போனான். மேலோவுக்கு ஆறு மணி நேரப் பயணம். பேருந்து ஊரைத் தாண்டியதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அக்காவின் பதினோரு நிமிடத்தை முதல் முறையாகக் கேட்டான். இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் பழக்கத்தில் விரல் தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போனது. தன் விரலைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கோழியிலிருந்துதான் ஆரம்பித்தாள். குளிருக்கு முட்டையிடவில்லையாம். பிறகு பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம். அதை ஏன் இத்தனை நேரம் சொல்கிறாள் என்று போகப் போகத்தான் புரிந்தது. அதை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், வியாழக்கிழமை கூட வரமுடியுமா என்று கேட்கப் போய், கேட்காமலே திரும்பியிருக்கிறாள். வெளி ஆளிடம் எப்படிக் கேட்பது? பிறகு மறுபடியும் கோழி. சொல்ல வேண்டிய ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தாள். கடைசியில் குரல் இறங்கியது.

"வியாழக்கிழமை அம்மாவுக்கு எடுக்குறாங்கடா. எனக்குப் பயமா இருக்கு. அம்மாவ அப்படிப் பாக்கணுமேன்னு. நீ வந்தின்னா நான் கண்ண மூடிக்குவேன், நீ பாத்துக்குவ. அப்பாவுக்கு நின்னேல்ல, அது மாதிரி. வர முடியலன்னாலும் பரவால்ல, வேல இருக்கும். சொல்லு, என்ன."

அதற்குத்தான் ரோஜாப் படம் போட்டிருக்கிறான். அம்மாவுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். எல்பியோ முன் இருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டான். இயந்திரத்தின் மேல் பழிபோட மனம் ஒரு வழி தேடியது. பயத்தை அது ஒரு தகவலாக எண்ணுவதில்லை, அதனால் விட்டுவிட்டது என்று ஒரு விளக்கம்கூட உடனே தோன்றிவிட்டது. வானொலியில் சொன்னால் எடுபடும் விளக்கம். அப்படித் தோன்றியதே வெட்கக்கேடாக இருந்தது. இயந்திரம் அவளுக்குத் தம்பி இல்லையே. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிஞ்சியது. சனிக்கிழமை காலையில் நிபியா தவறாமல் வானொலி கேட்பவள். அவள் கேட்டாளா?

மேலோவில் நல்ல மழை. கதவைத் திறந்த நிபியாவின் கையெல்லாம் மாவு.

"நனைஞ்சுட்டு வந்திருக்க பாரு. செருப்ப அங்கயே விடு," என்றாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மழை நாளில் இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்துகொண்டிருந்தது. பொரித்த ரொட்டிக்கு மாவு பிசைந்திருந்தாள். அடுப்பில் மாட்டுக்கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. அலமாரி மேல் வானொலிப் பெட்டி மௌனமாக இருந்தது. எல்பியோ அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"கேட்டேன். குரல் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் வேகமாப் பேசுற."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் கிடந்த ஒரு பட்டனை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பழுப்பேறிய நீலம், நான்கு ஓட்டை.

"அக்கா, அந்தச் செய்தி... அது என்னன்னா, அந்தப் புரோகிராம் எப்படி வேல செய்யுதுன்னா..."

"மாவ உருட்டுறியா? எனக்குக் கை வலிக்குது."

"உருட்டுறேன். இது என்ன, எந்தச் சட்டைது? குப்பைல போடவா?"

நிபியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து பட்டனை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "இருக்கட்டும்," என்றாள்.

அவன் உருட்டிக் கொடுத்தான், அவள் தட்டி நடுவில் ஓட்டை போட்டுக் கொழுப்பில் இறக்கினாள். மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி இருவரும் ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சினார்கள். எந்தத் தெருவில் பள்ளம், யார் வீட்டில் கல்யாணம், எதையும் அவள் சொல்லவில்லை. இவ்வளவு பேசாத அக்காவை அவன் பார்த்ததே இல்லை. கடைசியில் அவனாகவே கேட்டான்.

"வியாழக்கிழமை என்ன ஆச்சுக்கா?"

"தொறந்தாங்க. சின்னப் பெட்டில வச்சாங்க. பூ வச்சேன்."

மூன்றே வாக்கியம். அவள் குத்திக் காட்டவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கு அது வராது. அவனுக்கு எது போதுமென்று தெரிந்துகொண்டு அதை மட்டும் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தவன் அடுத்த மாவை எடுத்து உருட்டினான்.

அப்போது நிபியாவின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்து, அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "இத பாத்துக்கோ, கருகிடப் போகுது," என்று கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கோழிக்கூண்டின் தகரக் கூரைக்கு அடியில் போய் நின்றாள். ரொட்டித் துண்டைக் கடிப்பவள்போல் போனை வாய்க்கு நேரே பிடித்தாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

"சுல்மா, கண்ணு, இங்க மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது, நீ துணிய எடுத்தியா? ஆமா, வந்திருக்கான். பாவம், அவ்வளவு தூரம். இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா அழுதுடுவான், சின்ன வயசுலருந்தே அப்படித்தான். உன்ன மாதிரி ரேடியோல போட்டு உடைக்க எனக்கு வராதும்மா, நீ பலே ஆளுதான்..." சிரித்தாள். ஒரு கோழியை விரட்டினாள். மழை சற்று ஓங்கி, பிறகு தணிந்தது. "...அம்மாவோட அந்த நீலக் கம்பளிச் சட்டை, நீதான் பாத்தேல்ல, மக்கிப் போச்சு, பட்டன் மட்டும் அப்படியே இருந்துச்சு. அந்தக் கல்லறை ஆளு ரெண்டு எடுத்துக் குடுத்தாருல்ல. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்குன்னு வச்சிருந்தேன். ஜன்னல்ல வச்சிருந்தேன். குப்பைல போடவான்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல? அப்புறமா குடுக்கலாம்..."

எல்பியோ கரண்டியோடு அசையாமல் நின்றான். இது அவனுக்குச் சொல்லப்படுவதல்ல. நகர்ந்துவிட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விட முடியவில்லை.

"...முத்தமா? குடுத்தேனே, சுல்மா. நீ அந்தப் பக்கம் திரும்பி இருந்த. அம்மா நெத்தில. எனக்குன்னு குடுக்கத் தைரியம் இல்ல, நிஜமா. அவன் குடுத்து விட்டிருக்கானே, கொண்டு சேக்கணுமேன்னுதான் குனிஞ்சேன். குனிஞ்சதும் பயமெல்லாம் போயிடுச்சு, தெரியுமா..."

வாணலியில் ரொட்டியின் விளிம்பு சிவந்து, பழுத்து, கறுக்கத் தொடங்கியது. திருப்பிப் போட்டால் கரண்டி வாணலியில் பட்டுச் சத்தம் கேட்கும், அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். புகை எழும்பி ஜன்னல் பக்கம் போயிற்று, பட்டன் கிடந்த விளிம்பைத் தாண்டி வெளியே மழைக்குள். தகரக் கூரையின் கீழே நிபியா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.