விற்ற போனில் இருந்த பெயர்கள்

2007ஆம் ஆண்டு ஆவணியில் விஜிதா தன் பழைய கைத்தொலைபேசியை விற்றாள். யாழ்ப்பாணத்துக்காரியான அவள் பதுளையில் ஆசிரியையாக வேலை பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. கணவன் தனேஸ்வரன் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞன். அவன் புதிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்ததும், பழையது விற்பனைக்கு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, கடைவீதியில் ஹபீஸிடம் கொடுத்து அவனுடைய போன் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னாள்.

இரண்டு நாளில் அழகர் வீட்டுக்கு வந்தான். நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், ஐம்பது வயதிருக்கும். மகள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள் என்றும், அவளோடு பேச ஒவ்வொரு ஞாயிறும் தோட்டத்துக் கடையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னான். விஜிதா தன் சிம்மைக் கழற்றிக்கொண்டு போனை அவனிடம் கொடுத்தாள். பச்சைப் பொத்தான் எது, சிவப்பு எது என்று காட்டிக் கொடுத்தாள். பற்றரி பழசு, சார்ஜ் நிற்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

மறுவாரமே அவன் பஸ் ஏறி வந்துவிட்டான். கையில் போன், ஒரு துவாய்த் துண்டில் சுற்றியபடி.

"அரை நாளுகூட நிக்க மாட்டேங்குதுங்க டீச்சர். மலைக்குப் போயி வர்றதுக்குள்ள செத்துருது. இதை எடுத்துக்கிட்டுக் காசைக் குடுத்துருங்க."

அந்தக் காசு அப்போது அவளிடம் இருந்தது. ஆனாலும், அவன் பார்த்துத்தானே வாங்கினான், பாவித்த சாமான் அப்படித்தான் இருக்கும், புதுப் பற்றரி ஹபீஸின் கடையில் வாங்கலாம் என்று வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள். அழகர் வாதாடவில்லை. போனை மறுபடி துவாயில் சுற்றிக்கொண்டு, சரிங்க என்று சொல்லி இறங்கிப் போனான். அன்று முழுக்க அவளுக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டொரு நாளில் மறந்துவிட்டாள்.

புரட்டாதியில் ஒரு புதன்கிழமை. பாடசாலை விட்டு வந்து அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. தனேஸ்வரன் எழுந்து போனான். வந்தவள் அழகரின் மனைவி பெரியாயி. தலையில் முக்காடிட்டிருந்தாள், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானையை முறுக்கிக்கொண்டே பேசினாள். முந்தாநாள் பதுளைக்கு வந்த பஸ்ஸைப் பொலிசார் நிறுத்திச் சோதித்தார்களாம். அழகரின் போனில் யாழ்ப்பாணத்து ஆட்களின் பெயர்களும் இங்கிலீஷ் எழுத்தில் செய்திகளும் இருந்தனவாம். சாமான் வந்து சேர்ந்தது, ஆள் நாளைக்கு வரும் என்று ஒன்றில் இருந்ததாம். புலிகளோடு தொடர்பா, யார் ஆள், என்ன சாமான் என்று கேட்டு அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"அவரு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவருங்க ஐயா. ஒரு டீச்சர்கிட்ட வாங்கினதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. டீச்சர் வந்து, இது என் போனுன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க."

விஜிதா சமையலறைக் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிம்மை எடுத்தால் எல்லாம் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெயர்களும் செய்திகளும் போனிலேயே தங்கியிருக்கின்றன. அந்தச் செய்தி வவுனியாவில் மருந்துக்கடையில் வேலை செய்யும் தம்பி மதுசூதனன் அனுப்பியது. சாமான் என்றது அம்மா கொடுத்துவிட்ட புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. ஆள் என்றது பதுளைக்கு அதைக் கொண்டுவர இருந்த அவனுடைய கூட்டாளி.

"நாங்கள் ஒருத்தருக்கும் போன் விக்கேல்லை. ஆள் மாறி வந்திட்டீங்கள்," என்றான் தனேஸ்வரன்.

பெரியாயி வாசற்படியைப் பார்த்தாள். பிறகு உள்ளே, சமையலறைப் பக்கம் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

விஜிதா வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவன் கதவைப் பூட்டிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"அந்தாள் தோட்டத்து ஆள், ரெண்டு நாளிலை விட்டிடுவாங்கள். நாங்கள் போய் நிண்டால் எங்களை விடுவாங்களோ? உம்மடை தம்பியையும் யோசியும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. போன வருடம் அவனோடு வேலை செய்த ஒருவர் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணப் பக்கத்துப் பருத்தித்துறை என்றிருந்ததற்காக ஒரு நாள் முழுக்கத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அதையெல்லாம் நினைத்தும் அவளால் சாப்பிட முடியவில்லை. அந்த மனுஷன் போனைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டிய நேரம் தான் வாங்கி வைத்திருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். சாயங்காலம் அலுமாரிக்கு மேலிருந்து போன் பெட்டியை இறக்கினாள். கடைப் பற்றுச்சீட்டு உள்ளே இருந்தது, அவள் பெயரில்.

வியாழக்கிழமை காலை அவள் பாடசாலைக்குப் போகவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் புறப்பட்டாள். தனேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். பொலிஸ் நிலையம் இருந்த தெருமுனையில் நின்றுவிட்டான். அவள் அவனைக் கூப்பிடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

உள்ளே பெட்டியையும் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்து, தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி வந்தார். மூன்று மணி நேரம் கேட்டார்கள். கடைசியில் தம்பியின் இலக்கத்தை அந்தப் போனிலேயே அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அவளைப் பேசச் சொன்னார்கள். போன மாதம் அனுப்பிய சாமான் என்ன என்று கேட்டாள்.

"புழுக்கொடியல்தானேயக்கா. ஏன், பூஞ்சணம் பிடிச்சிட்டுதோ?"

தமிழ் தெரிந்த அதிகாரி அதை மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவர் சிரித்தார். ஆனாலும் மதுசூதனனின் வீட்டு முகவரி, கடை, கூட்டாளியின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் அவளைப் போக விட்டார்கள். போனை வைத்துக்கொண்டார்கள்.

அழகரைப் பின்னேரம் நான்கு மணிக்கு விட்டார்கள். பெரியாயி நிலைய வாசலிலேயே இருந்தாள், விஜிதாவும் சற்றுத் தள்ளிக் காத்து நின்றாள். மூன்று நாள் தாடியோடு வெளியே வந்தவன் விஜிதாவைக் கண்டு நின்றான். அவள் போனுக்குரிய பணத்தை நீட்டி, தன்னை மன்னிக்கச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் திருப்பிக் கொண்டாந்தப்பவே இதைக் குடுத்திருக்கலாங்க டீச்சர்," என்றான் அழகர். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. கையை நீட்டவில்லை.

பெரியாயி வாங்கிக்கொண்டாள். "எங்க காசுதானுங்களே," என்றாள். "நேத்து நீங்க உள்ளதான் இருந்தீங்க. எனக்குத் தெரியும். இன்னைக்கு வந்தீங்க, அதுவும் தெரியும்." பஸ் போய்விடும் என்று கணவனை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு வராத மூன்று நாளுக்கும் அழகரிடம் காரணம் கேட்டார்கள் என்றும், லயத்து வீடுகளில் சிலர் அவனோடு பேசப் பயந்தார்கள் என்றும் பிறகு ஹபீஸ் சொல்லித்தான் விஜிதா அறிந்தாள். வவுனியாவில் மதுசூதனனை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டாம் தரத்துக்குப் பிறகு கடை முதலாளி அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். அவன் ஒரு கடையிலிருந்து போன் எடுத்து அதைச் சொன்னான். அக்காவைக் குறை சொல்லவில்லை. இனித் தன் பழைய இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம், தானே எடுப்பதாகச் சொன்னான்.

தை பிறந்தும் அவன் எடுக்கவில்லை. ஞாயிறுகளில் விஜிதா போனை மேசையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பாள்.