டீசல் பொதுப்பு

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. திருப்பதியில் ஒரு மகளிர் தின மலருக்காக, 'நாட்டுக் கடனும் எரிபொருளும் பெண்களுக்கான அரசுச் சேவைகளும்' என்று தலைப்பையும் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன்.

கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம், கடனில் இருக்கும் அரசுகள் முதலில்

இந்த வாக்கியத்தை இதற்கு மேல் இழுக்க முடியவில்லை. முதலில் என்ன செய்கின்றன? தாட்சாயணியின் ஊருக்கு வரும் ஜீப்பை நிறுத்துகின்றன. அதைச் சொன்னதுமே கட்டுரை கைநழுவிப் போய்விட்டது. தாட்சாயணி யார் என்று கேட்பீர்கள். நகரியிலிருந்து திருப்பதிக்கு வரும் பாசஞ்சர் ரயிலில் எனக்கு வாய்த்த பக்கத்து சீட்டு. ரேணிகுண்டா வருவதற்குள் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டாள்.

2

ஆரம்பம் ஒன்று: 'இரண்டாயிரமாவது ஆண்டு. டீசல் விலை ஏறியது.' (செய்தித்தாள் வாடை அடிக்கிறது. வேண்டாம்.)

ஆரம்பம் இரண்டு: 'யாமினியின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது.' இதுதான் சரி.

யாமினி தாட்சாயணியின் மருமகள். ஒன்பதாம் மாதம். வலி வருவதற்கு முன்பே திருப்பதி பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், பஸ்ஸில் குலுங்கவிடக் கூடாது என்று நர்ஸ் மனோரமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சுகாதார நிலையத்து ஜீப் வாரந்தோறும் ஊருக்கு வந்து கர்ப்பிணிகளை ஏற்றிப்போகும். அதை நம்பித்தான் தாட்சாயணி தைரியமாக இருந்தாள். மகன் சந்திரசேகர் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். அவனை அனுப்ப வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை, வாடகைக் காருக்கு எங்கே போவது?

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: புருஷன் எண்ணெய் நாட்டில், பெண்டாட்டி டீசல் இல்லாத ஊரில். நான் இட்டுக்கட்டியதாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் ஒரு குவைத் போர்வை இருக்கும். பழியை என்மேல் போடாதீர்கள்.)

3

அந்த வாரம் ஜீப் வரவில்லை. தாட்சாயணி சுகாதார நிலையத்துக்கே போனாள். சுவரில் தெலுங்கில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆந்திர எல்லைத் தமிழச்சி அவள்; தெலுங்கு பேச வரும், படிக்க வராது. கடைநிலை ஊழியர் சிட்டிபாபு போகிற போக்கில் படித்துச் சொன்னார்: "இந்தன பொதுப்பு."

கொஞ்சம் நில்லுங்கள். கதையே இந்த வார்த்தையில்தான் இருக்கிறது. தெலுங்கில் இந்தனம் என்றால் எரிபொருள், பொதுப்பு என்றால் சிக்கனம். அரசாங்கம் கடனில் இருக்கிறது, ஜீப்பை எடுக்காதே என்பதுதான் அறிவிப்பின் சாரம். ஆனால் தாட்சாயணிக்குத் தெரிந்த பொதுப்பு ஒன்றே ஒன்று: பெண்களின் பொதுப்புச் சங்கம், அதாவது சேமிப்புக் குழு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், அதற்கு மேல் பேங்க் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும். அந்தச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

"இந்தனம்னா இன்னாப்பா?"

"டீசலு, பெட்ரோலு, அதெல்லாந்தான் அக்கா."

"ஓ, டீசலுக்கும் பொதுப்பு வந்துட்ச்சா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? போட்டுட்றோம்."

சிட்டிபாபு அதற்குள் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

4

மறுநாள் காலை சங்கத்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். டிராக்டர் வைத்திருந்த வீடுகளிலும் கழனியில் ஆயில் இன்ஜின் வைத்திருந்த வீடுகளிலும் கேட்டு வாங்கிய டீசல், ஆளுக்கொரு பாட்டில். ரத்தினம்மாவின் புருஷன் காலி செய்த பிராந்தி பாட்டில்கள் முதன்முறையாக ஊருக்கு உதவின.

ஜீப் டிரைவர் நாகபூஷணம் பதறிப்போனான். "இன்னா அக்கா இது? டீசல் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுக்கீறாங்க."

"குடுக்கத்தானே கூடாது? நாங்க போட்றோம். வாங்கக் கூடாதுன்னு அதுல எழுதிக்கீதா?"

நாகபூஷணம் யோசித்துப் பார்த்தான். எழுதவில்லை. உள்ளே போய்ப் புனல் எடுத்துவந்தான்.

யாமினியை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அன்று மாலையே திருப்பதியில் அறுவை செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். எழுதுகிற எனக்கே நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்.

5

இங்கேயே நிறுத்திவிட்டால் என்ன? மலர்க்குழு கைதட்டும். 'பெண்கள் எதையும் சமாளிப்பார்கள்' என்று பெட்டிச் செய்தியும் போடும். அதைக் கேட்டு அரசாங்கமும் நிம்மதியாக ஜீப்பை மறந்துவிடும். நாட்டின் கடன் இப்படித்தான் சத்தமில்லாமல் பெண்கள் தலையில் வந்து இறங்குகிறது. தாட்சாயணியை நான் அப்படி ஒரு தியாகியாக்கிவிடுவேனோ என்று பயந்தேன். நல்லவேளை, அவள் அந்த ரகம் இல்லை.

பேத்தியை வீட்டில் சேர்த்த கையோடு, சங்கத்தைத் திரட்டிக்கொண்டு சுகாதார நிலையத்து அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், எங்க பொதுப்ப போட்டுட்டோம். சர்க்காரு எவ்ளோ சேத்துப் போடுது?"

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ அம்மா, பொதுப்பு அண்ட்டே சிக்கனம்! ஜீப்ப எடுக்காதேன்னு அர்த்தம்!"

தாட்சாயணியின் முகம் சுண்டிப்போனது. ஊரையே பாட்டில் தூக்க வைத்தவள் அவள். பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். (இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று யோசித்து, ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.) அவள் சுவரோரப் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"தெலுங்குல அப்டி இருக்கட்டும் சார். எங்க வாய்க்கு அதுல 'பொது'ன்னு ஒண்ணு கீது. பொதுன்னா எல்லாருக்கும் உள்ளது. ஊரெல்லாம் கடன் வாங்கிகினு கீறீங்களாமே, இப்ப எங்ககிட்டயும் வாங்கிட்டீங்க. உங்க ஜீப்பு எங்க டீசல்லதான் ஓடிச்சி. திருப்பிக் குடுங்க. காசு வாணாம். வாரா வாரம் ஜீப்பு வரணும்."

மற்றவர்களும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

6

முடிவு ஒன்று: அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், ஜீப் வருகிறது, ஊரே

முடிவு இரண்டு: அதிகாரிக்கு மாற்றல். புதியவர் அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டி

இரண்டையும் தாட்சாயணிக்குப் போனில் படித்துக் காட்டினேன். நிஜத்தில் என்ன ஆனது என்றும் கேட்டேன்.

"வந்துச்சி. அப்புறம் வெல ஏறிச்சி, நின்னுச்சி. போய் உக்காந்தோம், வந்துச்சி. இப்ப மறுபடியும் நின்னுகினு கீது. நாளைக்குப் போறோம், யாமினியும் வர்றா."

"அப்படியென்றால் எதை முடிவாகப் போடட்டும்?"

"முடிவே போடாத தம்பி. முடிஞ்சிதுன்னு போட்டுட்டா அப்புறம் யாரு குடுப்பான்? பாக்கி கீதுன்னு போடு."

'முற்றும்' என்று போடுகிற இடத்தில் அதையே போடுகிறேன்.

பாக்கி இருக்கிறது.