பட்டாளத்துப் படம் கேட்டு வந்தவர்

பட்டாளத்துக்காரர்களின் போட்டோ கேட்டு ஓர் ஆள் ஊர் ஊராகச் சுற்றுகிறான் என்ற செய்தியை வியாகுலமேரியிடம் முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை. அப்போது வாளி கிணற்றில் பாதி இறங்கியிருந்தது.

“நேத்து மலையாண்டி மாமா வீட்டுக்கு வந்திருக்கான்க்கா. சண்டையில செத்துப்போன அவுக மகன் படம் இருக்குல்ல, அதக் கேட்டிருக்கான். உடுப்பு மாட்டி, ஸ்டூடியோவுல நின்னு எடுத்த படந்தான் வேணுமாம். வேற எதக் காட்டுனாலும் தொடக்கூட மாட்டேங்கிறானாம்.”

“எதுக்காம்?”

“நாட்டுக்காகப் போனவுக படத்தையெல்லாம் ஒண்ணு சேக்குறேங்கிறான். பதிலுக்கு முருகன் படமோ லட்சுமி படமோ கண்ணாடி போட்டுத் தாரானாம். எந்த மடையன் முருகனக் குடுத்துட்டு மலையாண்டி மாமா மகன வாங்குவான், நீயே சொல்லு. அவன் சிஐடிங்கிறா மருதாயி. பட்டாளத்துலருந்து ஓடிவந்தவனுகள இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காகளாம்.”

கயிறு வியாகுலமேரியின் கையை விட்டு ஓடியது. கீழே வாளி தண்ணீரில் மோதிய சத்தம் கேட்டது.

“மெதுவாக்கா,” என்று சின்னப்பிள்ளை சிரித்தாள். “ஒனக்கென்ன பயம்? ஒங்க வீட்டுலருந்து யாரு பட்டாளத்துக்குப் போனா?”

அது வெறும் பேச்சா, கேள்வியா என்று தெரியவில்லை. வியாகுலமேரி வாளியை இழுத்தாள்.

போனது அவள் புருஷன்தான். திருமயத்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் அவனைச் சந்தனசாமி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உண்மையான சந்தனசாமி அவனுடைய அண்ணன். சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் செத்தவன். இவன் பெயர் மரிய அந்தோணி. யுத்த காலத்தில் திருச்சியில் ஆள் எடுத்தபோது சேர்ந்தான். பயிற்சி முடிந்து லீவில் சொந்த ஊரான ஆவூருக்கு வந்தவன், அடுத்து பர்மாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டான். திரும்பிப் போகவில்லை. உடுப்பில் கல்லைக் கட்டிப் பாழுங்கிணற்றில் போட்டான். அண்ணன் பெயர் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டான். தங்களைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊராகப் பார்த்து இங்கே வந்து, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு நிலம் பிடித்தார்கள்.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். புதுக்கோட்டைச் சமஸ்தானமும் போனது. பட்டாளம் மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பா பேர் கேட்டால் மகள் அமலராணி சந்தனசாமி என்று சொல்வாள். அவளுக்கு வேறு பேர் தெரியாது.

புருஷனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அந்த லீவில் புதுக்கோட்டை ஸ்டூடியோ ஒன்றில் உடுப்போடு எடுத்துக்கொண்ட போட்டோவை எரித்துவிடச் சொல்லியிருந்தான். எரித்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். அது ஆவூர் மாதா படத்துக்குப் பின்னால், அதே சட்டத்துக்குள், முகம் தெரியாமல் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

சாயந்தரம் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“படந்தான் இல்லையே. அப்புறம் என்ன?” என்றான். பிறகு அவளைப் பார்த்தான். “எரிச்சேல்ல?”

“எரிச்சேங்க.”

பார்வையை எடுக்காமல் இடது காதைத் தடவிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் மாடு கொம்பால் கிழித்த காது. மடலின் ஓரத்தில் ஒரு பிளவு உண்டு. யோசனை வந்தால் கை அங்கே போய்விடும்.

“எதுக்கும் நான் மீமிசல் வரைக்கும் போயிக் கருவாடு எடுத்துட்டு வாரேன். ரெண்டு மூணு நாளாகும்.”

அவன் அதுவரை கருவாட்டு வியாபாரம் செய்ததே இல்லை.

மறுநாள் விடிந்ததும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அமலராணி பள்ளிக்கூடம் போனாள். வியாகுலமேரி கதவைச் சாத்திக்கொண்டு மாதா படத்தைக் கழற்றினாள். இன்றைக்கு எரித்துவிட வேண்டும். ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. அரிவாள்மணையின் நுனியால் ஒன்றை நெம்பினாள். சட்டம் நழுவி அம்மிமேல் விழுந்தது.

சத்தம் கேட்டுச் சின்னப்பிள்ளை வந்துவிட்டாள். சாத்திய கதவு அவளுக்குச் சாத்திய கதவே அல்ல.

“அடி ஆத்தி, சாமி கண்ணாடி கீறிப்போச்சே. எதுக்குக்கா கழட்டுன?”

“தூசி தட்ட.”

“கதவச் சாத்திக்கிட்டா?”

அதற்குள் வெளியே மருதாயி கத்தினாள். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அவள் கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டது. வியாகுலமேரி படத்தைக் குதிருக்குப் பின்னால் சாய்த்துவிட்டு ஓடினாள்.

கன்றுக்குட்டி லேசில் பிடிபடவில்லை. அதை இழுத்துக்கொண்டு திரும்பியபோது வாசல் புங்கமரத்தடியில் ஓர் ஆள் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கம்பிக்குப் பதில் நூல். மடியில் மாதா கவிழ்ந்து கிடந்தாள். அவர் குறட்டால் பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“நல்ல நேரத்துக்கு வந்தாருக்கா, நாந்தான் கண்ணாடி மாத்த எடுத்துக் குடுத்தேன்,” என்றாள் சின்னப்பிள்ளை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “அந்த ஆளுதான்.”

அந்த ஆள்தான் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாள்.

“வேணாங்க. அப்படியே குடுங்க,” என்று வியாகுலமேரி கையை நீட்டினாள்.

“ஆயிருச்சு தாயி.” கடைசி ஆணி வந்துவிட்டது. அட்டையை எடுத்தார். அட்டையோடு ஒட்டிக்கொண்டு போட்டோவும் வந்தது. அதைத் திருப்பினார்.

சரியாக அந்த நேரம் பார்த்துப் புருஷன் தெருவில் வந்துகொண்டிருந்தான். கக்கத்தில் அதே வெறும் சாக்கு. “பஸ் பிரேக் டவுனாம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். முதலில் போட்டோவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தலைத்துண்டை இடது காதுக்கு மேல் இறக்கிவிட்டான்.

“யாரு தாயி இது?” என்று வந்தவர் கேட்டார்.

“கொழுந்தன். இவுக தம்பி. மரிய அந்தோணி. சண்டைக்குப் போயி வரல.” அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாயிற்று. சொன்னதும் அவன் செத்துவிட்டான்.

“ஒரு நாளும் சொன்னதில்லையேக்கா,” என்றாள் சின்னப்பிள்ளை.

வந்தவர் புருஷனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார். கட்டைவிரலைப் பட்டாளத்துக்காரனின் முகத்தின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பார்த்தார்.

“வாலு தெரியுது,” என்றார்.

“எந்த வாலு?”

“ஏரோப்பிளேன் வாலு.”

உடுப்புக்காரனுக்குப் பின்னால் திருமயம் கோட்டை இருந்தது. கோட்டைக்கு மேல் ஒரு விமானம் பறந்தது. அதன் வால் மீன்வால்போல் அகன்றிருந்தது.

“பின்னால தொங்குறது நான் எழுதுன படுதா தாயி. பேரு ஆத்மநாதன். அன்னைக்கு நான் ஏரோப்பிளேனக் கண்டதில்ல. பேப்பர்ல ஒரு படம் வந்துச்சு, வாலு மட்டும் மடிப்புல கிழிஞ்சு போச்சு. வெரால் மீனப் பாத்து எழுதிட்டேன்.”

“அப்ப வீரருங்க படத்தச் சேக்குறேன்னது?” என்றாள் சின்னப்பிள்ளை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொய்தான். மதுரையில ஒரு நாடகக் கம்பெனியில சீன் எழுத ஆள் கேக்குறாங்க. முன்ன எழுதுனதக் காட்டுன்னாரு மொதலாளி. படுதாவெல்லாம் கரையான் தின்னுருச்சு, எங்கிட்டுப் போவேன்? இந்தக் கோட்டப் படுதாவப் பட்டாளத்துக்காரங்களுக்கு மட்டுந்தான் ஸ்டூடியோவுல தொங்கவிடுவாங்க. மத்தவங்களுக்கு அன்னப்பறவை. அது வேற ஆளு எழுதுனது. கழுத்தே சரியிருக்காது.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேனே. அரிமளத்துல ஒரு அம்மா வெளக்குமாத்த எடுத்துட்டாங்க. ‘எம் மகன் மூஞ்சி வேணாம், பின்னால தொங்குன துணிதான் ஒனக்குப் பெருசா’ன்னு.”

சின்னப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். வியாகுலமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. சிஐடியாக இருந்தால் இப்படி ஒரு கதை வைத்திருக்க மாட்டானா? அவர் நகக்கண்களைப் பார்த்தாள். நீலச் சாயம் உறைந்திருந்தது. சாயம் யார் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.

“இதுல கோட்ட நல்லா விழுந்திருக்கு,” என்றார் அவர். “மத்த படத்துலயெல்லாம் ஆளு மறைச்சிர்றான். இவரு மெலிஞ்ச ஒடம்பு. புண்ணியவான்.”

“ஆள வெட்டிக் குடுத்துட்டு மிச்சத்த எடுத்துக்கங்க,” என்றான் புருஷன். போட்டோவைப் பார்த்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

ஆத்மநாதன் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தார். பூட்ஸிலிருந்து தொடங்கினார். கால், இடுப்பு, பெல்ட், தோள் என்று ஓரம் பிசகாமல் ஏறினார். சின்னப்பிள்ளை அவர் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். காதுக்குப் பக்கத்தில் பிளேடு நின்றது.

“இங்க ஒரு வெட்டு இருக்கே. படத்துல கிழிசலா, ஆளுக்கே காது அப்படியா?”

புருஷனின் கை தலைத்துண்டுக்குப் போனது. போன கையைச் சின்னப்பிள்ளை பார்த்தாள். மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள்.

“கிழிசல்தான்,” என்றாள். “ஓரத்த நறுக்கி நேராக்கிட்டுப் போங்க, நேரமாகுது.”

பிளேடு நேராகப் போயிற்று. காதின் ஒரு துணுக்கு மண்ணில் விழுந்தது.

மாதாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டு ஆத்மநாதன் கிளம்பினார். ஆள் வடிவத்தில் ஓட்டை விழுந்த கோட்டையைப் பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை அவர் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் புருஷன் கேட்டான்: “எரிச்சுட்டேன்னு சொன்ன.”

“மனசு வரலங்க.”

கோட்டையும் விமானமும் இல்லாத பட்டாளத்துக்காரனைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் அடுப்பைப் பார்த்தான். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. “காத நறுக்கிட்டானே,” என்று முனகினான். பிறகு மாதா படத்தைக் கவிழ்த்து, அட்டையை நீக்கி, அந்த ஆளைத் தானே உள்ளே வைத்தான். ஆணிகளையும் தானே அடித்தான்.

“அவளுக்குத் தெரிஞ்சு போச்சு,” என்றான்.

“ம்.”

“பதிலுக்கு என்ன கேப்பா?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. பயப்பட வேண்டிய ஆளைத் தெருவில் தேடிக்கொண்டிருந்துவிட்டோம் என்று தோன்றியது.

மறுநாள் கிணற்றடியில் வழக்கம்போலக் கூட்டம் இருந்தது. மருதாயி இருந்தாள். மலையாண்டி மனைவி இருந்தாள். சின்னப்பிள்ளை குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வியாகுலமேரியைப் பார்த்து எப்போதும்போல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று வியாகுலமேரி தேடினாள்.

அந்த வழியாகப் புருஷன் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். சின்னப்பிள்ளை நிமிர்ந்தாள்.

“சந்தனசாமியண்ணே!” என்று கூப்பிட்டாள். “எங்க கொல்லையில அர நாள் ஏர் ஓட்டணும், வருவீகளா?”

“வாரேன் ஆத்தா,” என்றான் அவன், நிற்காமல்.

அவள் எப்போதும் கூப்பிடும் பெயர்தான். எப்போதையும்விடக் கொஞ்சம் சத்தமாக, கிணற்றடி முழுவதுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். வியாகுலமேரி கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாளியை மெல்ல இறக்கினாள்.